வகுப்பில் ஆட்டிசத்தைப் புரியவைக்க எந்தக் கதைப் புத்தகம்?

கேள்வி: “நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. இந்த ஆண்டு ஆட்டிசம் உள்ள சிறுவன் ஒருவன் என் வகுப்பில் சேர்ந்திருக்கிறான். பேச்சு குறைவு. பரபரப்பானால் கைகளை உதறுகிறான். கேட்ட வாக்கியத்தையே திரும்பத் திரும்பச் சொல்கிறான். பிள்ளைகளில் சிலர் சிரிக்கிறார்கள், சிலர் தள்ளி உட்காருகிறார்கள். கதைப் புத்தகங்களின் வழியே அவர்களுக்குப் புரியவைக்க முடியுமா? எதை வாங்கலாம்? வாரத்தில் ஒரு நூலகப் பாடவேளை என் கையில் இருக்கிறது.”

முடியும், நன்றாகவே முடியும். ஆனால் அட்டையில் ‘ஆட்டிசம்’ என்று போட்டிருப்பதாலேயே ஒரு புத்தகம் உங்களுக்கு உதவிவிடாது. சில புத்தகங்கள் இப்போதிருக்கும் சிக்கலை இன்னும் வளர்த்துவிடும். அதனால் பெயர்களுக்கு முன்னால் தேர்ந்தெடுக்கும் வழியைச் சொல்லிவிடுகிறேன்.

எந்தப் புத்தகம் கிடைத்தாலும் முதலில் நீங்கள் தனியாக உட்கார்ந்து முழுதாகப் படியுங்கள். பிறகு ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள்: இந்தக் கதையில் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு என்ன வேண்டும்? எதையாவது பார்க்க ஆசைப்படுகிறதா, யாரையாவது பிடித்திருக்கிறதா, எதையாவது செய்து முடிக்கத் துடிக்கிறதா? பதில் கிடைத்தால் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொள்ளுங்கள். ‘கண்ணைப் பார்க்கமாட்டான், தனியாக விளையாடுவான், சத்தம் பிடிக்காது’ என்ற பட்டியல்தான் கிடைக்கிறது என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மருத்துவமனைத் துண்டறிக்கைக்குப் படம் வரைந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதைக் கேட்ட எட்டு வயதுப் பிள்ளைகள் மறுநாளே உங்கள் மாணவனைச் சுற்றி நின்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்கத் தொடங்குவார்கள். “மிஸ், இவன் கண்ணைப் பார்க்கிறான், அப்படியானால் இவனுக்கு ஆட்டிசம் இல்லையா?” என்ற கேள்வியை நான் வகுப்பறையில் கேட்டிருக்கிறேன்.

அடுத்து, கதையைச் சொல்வது யார் என்று பாருங்கள். இந்த வகைப் புத்தகங்களில் மிகப் பல, உடன்பிறந்தவர்கள் சொல்லும் கதைகள். அமெரிக்காவில் 1998இல் வந்த லாரி லியர்ஸின் ‘இயன்ஸ் வாக்’ அவற்றில் பழையது, நல்லதும்கூட. ஜூலி தன் அக்காவோடும் தம்பி இயனோடும் வாத்துகளுக்குத் தீனி போடப் பூங்காவுக்குப் போகிறாள். வழியெல்லாம் அவன் வேறு எதையோ பார்க்கிறான், வேறு எதையோ முகர்கிறான். அவளுக்கு எரிச்சல். பூங்காவில் அவன் காணாமல் போகிறான். அப்போது ஜூலி ஒரு நிமிடம் நின்று, இயனாக இருந்தால் எங்கே போயிருப்பேன் என்று யோசிக்கிறாள். அவனுக்குப் பிடித்த பெரிய மணியின் அடியில் அவனைக் கண்டுபிடிக்கிறாள். வீடு திரும்பும்போது அவன் போக்கிலேயே நடக்கவிடுகிறாள்.

எனக்கு இந்தப் புத்தகத்தில் பிடித்தது அந்த எரிச்சலை மறைக்காததுதான். உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கும் எரிச்சல் இருக்கும். பக்கத்தில் ஒருவன் ஒரே வாக்கியத்தை இருபது முறை சொன்னால் யாருக்கும் வரும். ‘எரிச்சல்படக் கூடாது’ என்று சொல்லிக்கொடுத்தால் அதை ஒளிக்கக் கற்றுக்கொள்வார்கள். ஜூலியைப் போல எரிச்சலோடு தொடங்கி வேறோர் இடத்துக்குப் போகலாம் என்று காட்டினால் பேச வாய் திறக்கும். நடிகை ஹாலி ராபின்சன் பீட் தன் மகளோடு சேர்ந்து எழுதிய ‘மை பிரதர் சார்லி’ (2010) என்ற புத்தகமும் இதே வகைதான். அதில் இரட்டையரில் ஒருத்தி தன் சகோதரனைப் பற்றிச் சொல்கிறாள்.

ஆனால் இந்த வகையோடு நிறுத்திவிடாதீர்கள். எல்லாக் கதையிலும் ஆட்டிசம் உள்ள பிள்ளையை வேறொருவர் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தால், அவன் பொறுத்துக்கொள்ளப்பட வேண்டியவன் என்ற எண்ணம்தான் மிஞ்சும். பொறுத்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கோ ‘நான் எவ்வளவு நல்லவன்’ என்ற நினைப்பு வந்துவிடும். அப்படிப்பட்ட நல்ல பிள்ளைகள் அவனுக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து கொடுப்பார்கள், பையைத் தூக்கி வருவார்கள், விளையாட்டில் மட்டும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

இதற்கு மாற்றாக நான் வகுப்புகளில் அதிகம் பயன்படுத்துவது ‘வொய் ஜானி டஸன்ட் ஃப்ளாப்’ என்ற படப்புத்தகத்தை. க்ளே மார்ட்டன், கெய்ல் மார்ட்டன் இருவரும் எழுதி 2015இல் வந்தது. இதில் கதை சொல்லும் சிறுவனுக்கு ஆட்டிசம் இருக்கிறது. அவனுடைய நண்பன் ஜானிக்கு இல்லை. ஜானிதான் இங்கே விசித்திரமானவன். பேசும்போது ஆளின் கண்ணையே உற்றுப் பார்க்கிறான். சொன்ன நேரத்துக்குச் சரியாக வருவதில்லை. உற்சாகம் வந்தால்கூடக் கைகளை உதறுவதில்லை. பாவம், அவன் அப்படித்தான், ஆனாலும் என் நண்பன் என்கிறது கதை. ஆட்டிசம் பற்றிய புத்தகங்கள் வழக்கமாகப் பேசும் கனிந்த குரலை அப்படியே எடுத்துத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். பெரியவர்களுக்கு முதல் பக்கத்திலேயே சுருக்கென்று தைக்கும். பிள்ளைகளுக்கு மூன்று நான்கு பக்கம் ஆகும். யாரோ ஒருவன் “மிஸ், ஜானி நம்மைப் போலத்தானே இருக்கிறான்?” என்று கேட்பான். அந்தக் கணம் வரும்வரை நீங்கள் எதையும் விளக்காதீர்கள்.

படித்து முடித்ததும் இதையே தமிழில் ஒரு விளையாட்டாக ஆக்கலாம். சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளும் ஒருவனுக்கு நம் பேச்சு எப்படிக் கேட்கும் என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ‘தலையைத் தின்னாதே’, ‘காதில் பூ சுற்றாதே’, ‘வாயைக் கட்டு’, ‘ஒரு நிமிடத்தில் வருகிறேன்’. கரும்பலகை நிறைந்துவிடும். வீட்டில் பாட்டியிடம் கேட்டு இன்னும் பத்து கொண்டு வருவார்கள். சிரித்து முடித்தபின், “அப்படியானால் அவனிடம் எப்படிப் பேசினால் புரியும்?” என்று கேளுங்கள். நேராகச் சொல்ல வேண்டும், ஒரு நேரத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும், சொன்ன நேரத்தில் செய்ய வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள்.

இதற்குப் பின்னால் ஓர் ஆய்வுக் கருத்தும் உண்டு. பிரிட்டனைச் சேர்ந்த சமூகவியலாளர் டேமியன் மில்டன், தாமே ஆட்டிசம் உள்ளவர், 2012இல் எழுதிய கட்டுரையில் சொன்னது இது: ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பிறர் மனம் புரிவதில்லை என்று காலமெல்லாம் சொல்லி வருகிறோம், பிறருக்கும் அவர்கள் மனம் புரிவதில்லையே, சிக்கல் இரு பக்கமும் இருக்கிறதே. உங்கள் பாடவேளைக்கு இதைவிட நல்ல குறிக்கோள் எனக்குத் தெரியவில்லை.

உங்கள் மாணவன் வாக்கியங்களைத் திருப்பிச் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். இதற்காக நீங்கள் படிக்க வேண்டிய புத்தகம் சிந்தியா லார்டின் ‘ரூல்ஸ்’ (2006). மூன்றாம் வகுப்புக்கு இது பெரிய புத்தகம், உங்களுக்காகச் சொல்கிறேன். பன்னிரண்டு வயது கேத்தரின், தம்பி டேவிட் வெளியிடத்தில் தன் மானத்தை வாங்கிவிடக் கூடாது என்று அவனுக்கு விதிகள் எழுதிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறாள். டேவிட்டுக்குத் தன் மனதைச் சொல்லச் சொற்கள் கைகூடாதபோது, அவன் மனப்பாடமாக வைத்திருக்கும் தவளை–தேரைக் கதைகளிலிருந்து ஒரு வரியைச் சொல்கிறான். கேத்தரினும் அதே புத்தகத்திலிருந்து இன்னொரு வரியால் பதில் சொல்கிறாள். கடன் வாங்கிய வரிகளில் அக்காவும் தம்பியும் உரையாடுகிறார்கள். உங்கள் மாணவன் சொல்லும் வாக்கியத்தையும் இப்படிக் கவனித்துப் பாருங்கள். எப்போது சொல்கிறான்? மணி அடிக்கும் முன்பா, பசிக்கும்போதா, யாராவது அவன் இடத்தில் உட்கார்ந்துவிட்டாலா? விளம்பர வரியோ பாட்டு வரியோ, அவனைப் பொறுத்தவரை அது ஏதோ ஒன்றைச் சொல்வதாக இருக்கலாம். அது என்னவென்று முதலில் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் ஆசிரியராக இருப்பதில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையாகத்தான் இருக்கும்.

பேச்சு குறைவு என்பதால் டிஃபனி ஹாமண்டின் ‘எ டே வித் நோ வேர்ட்ஸ்’ (2023) உங்கள் வகுப்புக்கு மிகவும் பொருந்தும். எழுதியவருக்கும் ஆட்டிசம், அவருடைய இரு மகன்களுக்கும் ஆட்டிசம். கதையில் எய்டன் என்ற சிறுவன் டேப்லெட்டில் படங்களைத் தொட்டுப் பேசுகிறான். அவன் அம்மாவும் அவனோடு அப்படியே பேசுகிறார். பூங்காவில் சிலர் அவனைப் பற்றி அவன் காதுபடவே பேசும்போது, மகன் பேசாவிட்டாலும் அவன் காது நன்றாகவே கேட்கும் என்ற பொருளில் அம்மா டேப்லெட்டின் வழியே பதில் சொல்கிறார். இந்தப் பக்கத்தில் நிறுத்தி, கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். உங்கள் வகுப்பிலும் அவன் எதிரிலேயே அவனைப் பற்றிப் பேசுகிறவர்கள் இருப்பார்கள். பிள்ளைகள் மட்டுமல்ல, ஆசிரியர் அறையிலும்தான்.

டேப்லெட் பேசுவது வெளிநாட்டுச் சங்கதி என்று பிள்ளைகள் நினைத்துவிட வேண்டாம். இப்படிப் படங்களைத் தொட்டால் குரலாக ஒலிக்கும் ‘ஆவாஸ்’ செயலி சென்னையில் உருவானது. தமிழிலும் பேசும்.

சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கு, ஐந்தாம் வகுப்புக்கு மேல், எல் மெக்நிகால் எழுதிய ‘எ கைண்ட் ஆஃப் ஸ்பார்க்’ (2020) நாவலைச் சொல்வேன். ஸ்காட்லாந்துக் கிராமம் ஒன்றில், முற்காலத்தில் சூனியக்காரிகள் என்று கொல்லப்பட்ட பெண்களுக்கு நினைவுச்சின்னம் வைக்கப் போராடும் ஆடி என்ற சிறுமியின் கதை. ஆடிக்கு என்ன வேண்டும் என்பது முதல் சில பக்கங்களிலேயே தெரிந்துவிடும். இதன் ஆசிரியரும் ஆட்டிசம் உள்ளவர். ஆட்டிசம் என்றாலே பையன் என்று நினைக்கும் பழக்கத்தையும் இது உடைக்கும். பெண் பிள்ளைகளுக்கு இருப்பது பல நேரம் கண்ணில் படாமலே போகிறது.

இனி எச்சரிக்கைகள். கேத்தி ஹூப்மனின் பூனைப் புத்தகத்தை யாராவது உங்களுக்குப் பரிந்துரைப்பார்கள். பூனைகளின் புகைப்படங்களோடு ஆட்டிசத்தின் இயல்புகளை விளக்கும் புத்தகம் அது. 2006இல் வந்தபோது தலைப்பில் ஆஸ்பெர்கர் என்ற பெயர் இருந்தது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013இல் அதைத் தனிப் பெயராக வைத்துக்கொள்ளாமல் ஆட்டிசத்தோடு சேர்த்துவிட்டது. புத்தகத்தின் தலைப்பும் 2020இல் மாறியது. படங்கள் அழகானவை, பெரியவர்கள் ரசிப்பார்கள். ஆனால் நம் வகுப்பறைகளில் பட்டப்பெயர் எவ்வளவு வேகமாக ஒட்டிக்கொள்ளும் என்று உங்களுக்குத் தெரியும். மறுநாள் அவனைப் பார்த்து ஒருவன் ‘மியாவ்’ என்றால் என்ன செய்வீர்கள்? நான் இதை வகுப்புக்குக் கொண்டுபோவதில்லை.

மேதைக் கதைகளிலும் கவனம் வேண்டும். டெம்பிள் கிராண்டின் பற்றிய சிறுவர் புத்தகங்கள் உண்டு. கால்நடைகளைப் பதற்றமின்றிக் கையாளும் அமைப்புகளை வடிவமைத்த அமெரிக்க விஞ்ஞானி அவர். சிறு வயதில் பேச்சு தாமதமாக வந்தவர். உண்மையிலேயே சுவையான வாழ்க்கை. அதை மட்டும் படித்த பிள்ளைகள் உங்கள் மாணவனிடம் ‘உனக்கு என்ன திறமை?’ என்று கேட்பார்கள். அவன் மனக்கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும், காலண்டரில் கிழமை சொல்ல வேண்டும். பக்கத்தில் உட்கார இடம் கிடைக்க மற்றப் பிள்ளைகள் யாரும் எந்தத் திறமையையும் காட்டியதில்லை.

அட்டையில் புதிர்த் துண்டு படம் இருந்தால் சற்று நிதானியுங்கள். 1963இல் பிரிட்டன் அமைப்பு ஒன்று அழும் குழந்தையின் படத்தோடு அந்தச் சின்னத்தைக் கொண்டுவந்தது. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலருக்கு அது பிடிப்பதில்லை. நாங்கள் விடுபட்ட துண்டுகளா என்று கேட்கிறார்கள்.

‘செசமி ஸ்ட்ரீட்’ என்ற அமெரிக்கச் சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வரும், ஆட்டிசம் உள்ள ஜூலியாவைத் தயங்காமல் காட்டலாம். 2015இல் கதைப் புத்தகத்தில் அறிமுகமாகி, 2017இல் தொலைக்காட்சிக்கு வந்த பொம்மைப் பாத்திரம் அவள். அவளை உருவாக்கும்போது ஆலோசனை சொன்ன அமைப்புகளில் ஒன்று, ஆட்டிசம் உள்ளவர்களே நடத்தும் அமெரிக்கச் சங்கம். 2019இல் அந்தச் சங்கம் ‘செசமி ஸ்ட்ரீட்’டோடு உறவை முறித்துக்கொண்டது. ஆட்டிசத்தைக் கொடிய நோயாகப் பார்க்கச் சொல்கிறது என்று சங்கத்தினர் கருதிய ஒரு பெற்றோர் கையேட்டை விளம்பரப்படுத்த, நிகழ்ச்சியை நடத்துபவர்கள் ஜூலியாவைப் பயன்படுத்தினார்கள் என்பது குற்றச்சாட்டு. கதாபாத்திரத்தின் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவளோடு சேர்ந்து வரும் துண்டறிக்கைகளை மட்டும் நீங்கள் முதலில் படித்துப் பாருங்கள்.

தமிழில் என்ன இருக்கிறது என்று அடுத்துக் கேட்பீர்கள். எஸ். பாலபாரதியின் ‘துலக்கம்’ நாவல் ஆட்டிசம் உள்ள சிறுவனை மையமாகக் கொண்டது. உயர்வகுப்புப் பிள்ளைகளும் பெற்றோரும் படிக்கலாம். அவருடைய ‘ஆட்டிசம்: சில புரிதல்கள்’ கட்டுரை நூல் உங்கள் மேசையில் இருக்கட்டும். மூன்றாம் வகுப்புக்கேற்ற படப்புத்தகம் என்று வந்தால் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதற்காகத் தயங்க வேண்டாம். ஆங்கிலப் படப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தமிழில் கதை சொல்லுங்கள். வரிக்கு வரி மொழிபெயர்த்துப் படித்தால் பிள்ளைகள் நெளிவார்கள். படத்தைக் காட்டி, உங்கள் வாயால், உங்கள் ஊர்ப் பேச்சில் சொல்லுங்கள். பெயர்களை மாற்ற வேண்டாம். இயன் இயனாகவே இருக்கட்டும். ‘குமார்’ என்று மாற்றினால் வகுப்பில் இருக்கும் குமார் பாடு திண்டாட்டம்.

சிலர் ‘சோஷியல் ஸ்டோரி’ என்பதையும் இதையும் குழப்பிக்கொள்கிறார்கள். அது கரோல் கிரே என்ற அமெரிக்க ஆசிரியை 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறை. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு ஒரு சூழலை விளக்க எழுதப்படும் குட்டிக் கதை: காலை வழிபாட்டில் என்ன நடக்கும், மணி ஏன் அடிக்கும், பிறகு எங்கே போவோம். இப்படிச் செய், அப்படிச் செய்யாதே என்ற கட்டளைகளைவிட என்ன நடக்கிறது என்ற விவரிப்புதான் அதில் மிகுதியாக இருக்க வேண்டும். உங்கள் மாணவனுக்கு அது தனியாக உதவும். மற்றப் பிள்ளைகளுக்காக நீங்கள் தேடுவது வேறு.

கதை முடிந்ததும் கேள்விகள் வரும். அவற்றுக்கு முன்கூட்டியே தயாராகிவிடுங்கள், ஏனென்றால் பாதி கேள்விகள் வீட்டிலிருந்து வந்தவை. “ஒட்டிக்கொள்ளுமா?” ஒட்டாது, அது நோயே அல்ல, அவன் மூளை வளரும் விதம் அது. “ஊசி போட்டதால் வந்ததாமே?” இல்லை. அப்படிச் சொன்ன 1998 கட்டுரையை அதை வெளியிட்ட மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. பிள்ளைகளுக்கு ‘இல்லை’ போதும், இந்த விவரம் வாசலில் நிற்கும் பெற்றோருக்கு. “அவன் அம்மா போன் கொடுத்ததால் வந்ததா?” இல்லை. இதை அழுத்திச் சொல்லுங்கள், அந்தத் தாய் இந்தப் பேச்சை ஏற்கெனவே போதுமான அளவு கேட்டிருப்பார். “எப்போது சரியாகும்?” அவன் வளர்வான், நிறையக் கற்றுக்கொள்வான், ஆட்டிசம் உள்ள பெரியவனாக ஆவான். “ஏன் கை உதறுகிறான்?” மகிழ்ச்சி பொங்கும்போதோ சத்தம் தாங்க முடியாதபோதோ அது அவனை நிலைப்படுத்துகிறது, பிடித்து நிறுத்தக் கூடாது.

கடினமான கேள்வி இது: “அவன் மட்டும் பாடம் நடக்கும்போது வெளியே போகலாமா?” எட்டு வயதில் நியாயம் என்றால் எல்லோருக்கும் ஒரே அளவு. கரும்பலகை தெரியாத பிள்ளையை நீங்கள் ஏற்கெனவே முன்வரிசையில் உட்கார வைத்திருப்பீர்கள், அதையே காட்டுங்கள். “அவன் என்னை அடித்தால்?” அடிப்பது தவறு என்றே சொல்லுங்கள், அவனுக்கென்று தனிச் சலுகை தேவையில்லை. அடிபட்ட பிள்ளை உங்களிடம் வந்து சொல்லலாம் என்று உறுதி கொடுங்கள். அடிப்பதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று நீங்கள் பாருங்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு சத்தமோ உரசலோ திடீர் மாற்றமோ அங்கே இருக்கும்.

இரக்கத்தைத் தூண்டும் பேச்சு வேண்டாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அவன் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பது உரிமையின் பேரில்.

இவற்றையெல்லாம் தொடங்கும் முன் அவனுடைய பெற்றோரிடம் பேசிவிடுங்கள். எந்தப் புத்தகம் படிக்கப் போகிறீர்கள் என்று காட்டுங்கள். அவன் பெயரையோ அவனுக்கு ஆட்டிசம் என்பதையோ அவர்கள் சம்மதமின்றி வகுப்பில் சொல்லாதீர்கள். கதையைக் கதையாகவே வையுங்கள். எந்தப் பிள்ளையாவது அவனைச் சுட்டிக்காட்டினால், “நாம் இப்போது ஜானியைப் பற்றிப் பேசுகிறோம்” என்று திரும்பிவிடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் உண்டு. ஐந்நூறு பேர் படிக்கும் பள்ளியில் இன்னும் சிலர் இருக்கக்கூடும். யாருக்கென்று இன்னும் தெரியாமலும் இருக்கலாம். அவர்களும் நீங்கள் படிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். உங்கள் மாணவனும் வகுப்பில் இருக்கலாமா என்பதை அவன் வீட்டாரோடும், அவன் சொல்ல முடிந்த வழியில் அவனோடும் முடிவு செய்யுங்கள். அவன் எதிரில் வைத்துப் படிக்க உங்களுக்கே கூச்சமாக இருக்கும் புத்தகம் என்றால், அவன் இல்லாதபோதும் அதைப் படிக்க வேண்டாம்.

பணம் ஒரு புத்தகத்துக்குத்தான் இருக்கிறது என்றால் ‘எ டே வித் நோ வேர்ட்ஸ்’ வாங்குங்கள். இரண்டு என்றால் ஜானியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவதாக ‘இயன்ஸ் வாக்’. வகுப்பில் படிக்கும்போது வரிசை வேறு: முதல் வாரம் இயன், ஏனென்றால் பிள்ளைகள் இப்போது நிற்கும் இடம் அதுதான், இரண்டு வாரம் இடைவெளி விட்டு ஜானி, அதற்குப் பிறகு எய்டன். ஒரே வாரத்தில் மூன்றையும் படித்தால் ‘இது ஆட்டிசம் வாரம்’ என்று ஆகிவிடும். இடையில் வரும் வாரங்களில் வழக்கம்போல யானைக் கதையும் பேய்க் கதையும் படியுங்கள். மூன்று புத்தகங்களையும் வகுப்பு அலமாரியில் மற்றவற்றோடு கலந்து வைத்துவிடுங்கள், தனி அட்டை ஒட்டாமல்.